மூன்று சென்ட் மனையில் மண்ணுக்கும் ஒரு பங்கு

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சிகளில் ஒன்று. பேட்டை என்ற பெயரே சந்தையையும் கடையையும் சொல்லிவிடும். இது போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. மனை என்றால் இரண்டு சென்ட், மூன்று சென்ட். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால் ஒன்றரை சென்ட். கட்டுமான வேலை நடக்காத மாதமே இல்லை. ஆனால் புதிய மனையில் நடப்பதைவிடப் பழைய மனையில் நடப்பதே அதிகம். ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கீழே கடை, மேலே வீடு என்று கட்டுகிறார்கள். கட்டுகிறவர் வெளியூர் முதலாளி அல்லர். அந்த வீட்டிலேயே பிறந்து, வளைகுடாவிலோ திருப்பூரிலோ சம்பாதித்து, அப்பா வீட்டைப் பெரிதாக்க வந்தவர்.

பழைய வீடு போகும்போது கூடவே போவது கொல்லை. திண்ணை, தாழ்வாரம், முற்றம் கடந்து பின்னால் போனால் ஒரு கிணறு, துவைக்கிற கல், முருங்கை, கறிவேப்பிலை, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற வாழை. யாரும் அதைத் தோட்டம் என்று பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் தெருவில் இருபது வீடு இருந்தால் இருபது கொல்லைகளும் முதுகோடு முதுகு சேர்ந்து, தெருவுக்குத் தெரியாத ஒரு சிறு தோப்பாகவே இருந்தன. மழை அங்கேதான் இறங்கியது. மாலைக் காற்றும் அங்கிருந்துதான் வந்தது. இன்று வீடு வீடாக அந்தத் தோப்பு சிமென்ட்டுக்குள் போகிறது. எந்த விதியும் மீறப்படாமலே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தமிழ்நாட்டில் யார் எங்கே கட்டினாலும் பொருந்துவது 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன் சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாக்கிய நல்ல வேலை அது. திறந்தவெளியை அந்த விதிகள் இரண்டு வழிகளில் கேட்கின்றன. ஒன்று, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி. நாம் செட்பேக் என்கிறோம். சிறிய தெருவில் சிறிய வீட்டுக்கு முன்புறம் ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து அடி. பக்கத்தில் ஒரு மீட்டர் அளவில். கடைவீதி போன்ற தொடர் கட்டடப் பகுதியில் பக்க இடைவெளியும் கேட்பதில்லை. மற்றொன்று, பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விடுகிற திறந்தவெளி ஒதுக்கீடு. மனைப்பிரிவுக்காரர்கள் நாவில் அது ‘ஓ.எஸ்.ஆர். இடம்’. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமாக இருந்தால், சாலைகள் போக மீதியில் பத்து விழுக்காட்டைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். மூவாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை இடமாகக் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். மூவாயிரத்துக்குக் கீழே எதுவும் இல்லை.

மூவாயிரம் சதுர மீட்டர் என்பது எழுபத்துநான்கு சென்ட். கடைவீதித் தெருக்களில் எழுபத்துநான்கு சென்ட்டுக்கு ஒரே பட்டா யாரிடம் இருக்கிறது? ஊருக்கு வெளியே, முந்திரிக் கொல்லையையும் மணிலாக் கொல்லையையும் மனை போட்டு விற்கும் இடத்தில் மட்டும்தான் பூங்கா என்ற சொல்லே வரைபடத்தில் எழுதப்படுகிறது. அங்கே குடியிருக்க ஆள் வரப் பத்து வருடம் ஆகும். ஆள் நெருக்கமாக வாழ்கிற பழைய ஊருக்குள்ளே சட்டப்படியே ஒரு சதுர அடி பசுமையும் கேட்கப்படுவதில்லை.

மும்பையின் 1991-ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் பொழுதுபோக்குத் திறந்தவெளியை 1001 சதுர மீட்டரிலேயே கேட்கத் தொடங்கிவிட்டன. அங்கே பதினைந்து விழுக்காடு, மனை பெரிதாகப் பெரிதாக இருபது, இருபத்தைந்து. இடத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடுள்ள நகரம் கேட்கும்போது நாம் ஏன் எழுபத்துநான்கு சென்ட் வரை வாய் திறக்காமல் இருக்க வேண்டும்? ஒன்றிய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகளில் எண்பது சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் நட்டு வளர்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதுவும் ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிறவர்களுக்கே. அதே அளவுகோலை நம் மூன்று சென்ட் மனையில் வைத்துப் பார்த்தேன். 121 சதுர மீட்டருக்கு ஒன்றரை மரம் வருகிறது. பழைய கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் நின்ற கணக்கும் ஏறத்தாழ அதுதான்.

செட்பேக் விடுகிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். செட்பேக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தீயணைப்புக்கும் வந்த விதி. அது இடைவெளியைக் கேட்கிறது, அந்த இடைவெளியின் தரை என்னவாக இருக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டுவதில்லை. அண்மையில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். முன்பக்கம் விதிப்படி ஐந்தடி விட்டிருந்தார்கள். அது முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக். குனிந்து பார்த்தேன். கற்களுக்கு நடுவே மணல் இருக்க வேண்டிய இடுக்கில் சிமென்ட் பாலை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். புல் முளைத்துவிடக் கூடாதாம். பழைய வேம்பு ஒன்றைப் பாசத்தோடு வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஆனால் அதன் அடிமரத்தைச் சுற்றி ஒரு விரல் நுழைய இடமில்லாமல் சிமென்ட் வந்து முட்டியிருந்தது. விருந்தாளிகள் எல்லோரும் அந்த வேம்பின் நிழலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிளான் போட்டுக் கொடுத்தவரிலிருந்து கல் பதித்தவர் வரை அவரிடம் யாருமே இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த மூன்று சென்ட்டின் மேல் விழும் மழையைக் கணக்கிடுவோம். கடலூர் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையின் வழியில் இருப்பது. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 121 சதுர மீட்டரில் ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் லிட்டர். அதன் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களில் கொட்டிவிடும். கொல்லை இருந்தபோது அது மண்ணுக்குள் போனது. இப்போது தெருவுக்கு வருகிறது. தெருவும் சிமென்ட் சாலை. அடைமழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பேரூராட்சியைத் திட்டுகிறோம். சித்திரையில் போர்வெல் வற்றியதும் மறுபடியும் திட்டுகிறோம்.

வெயிலும் இதோடு சேர்ந்த கதைதான். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடும் மரமும் உள்ள பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மங்கலம்பேட்டைக் கடைவீதியில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு, எங்கோ ஒரு மலையடிவாரத்தில் நட்ட கன்று நிழல் தராது. அவர் நிற்கிற இடத்தில் மரம் வேண்டும். அந்த இடமோ மூன்று சென்ட் மனைகளின் வாசல்.

நெருக்கடியான சிறு மனைக்காரரிடம் இன்னொரு விதியைத் திணிப்பது நியாயமா என்று எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்வி. இரண்டாயிரம் சதுர மீட்டரில் வணிக வளாகம் கட்டுபவருக்குப் பத்து விழுக்காடு என்பது வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வரிசை. ஒன்றரை சென்ட்காரருக்கு அதே பத்து விழுக்காடு ஒரு அறை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் மருமகன் வந்து தங்குகிற அறை. ஆகவே தளர்வு வேண்டும். தளர்வு எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நாம் தொடர்ந்து தவறியிருக்கிறோம்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. அதன் 113-ஆம் பிரிவு எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் விலக்குத் தரும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. 1987-88 காலத்தில் அப்படிக் கொடுக்கப்பட்ட அறுபத்திரண்டு விலக்கு ஆணைகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்காடியது. 2000 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், பிரிவு செல்லும் என்றது. அந்த அதிகாரத்தை அரசு பயன்படுத்திய விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இதற்கிடையே 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதி மீறிக் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்றது அது. ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில் நீதிமன்றம் அதை ஏற்றது. அதன் பிறகு வரன்முறை என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் சொல்லாகிவிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017-இல் ஒரு திட்டம் வந்தது. வாங்கிய ஏழைக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை கட்டணம் கட்டினாலும், ஒதுக்காமல் விட்ட பூங்கா அந்த மனைப்பிரிவுக்குத் திரும்பி வராது.

மும்பை இந்தப் பாதையில் நம்மைவிட வெகுதூரம் போய்ப் பார்த்த ஊர். பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் சிறு மனைகளில் விட வேண்டிய இடைவெளி குறைந்தால், குறைந்த அளவுக்குப் பிரீமியம் கட்டிவிடலாம். மாநகராட்சிக்கு வருமானம், கட்டுபவருக்கு இடம். திறந்தவெளியைக் கார் நிறுத்தும் தளத்தின் கூரைமேல் தூக்கி வைத்துக் கணக்குக் காட்டும் வழக்கமும் அங்கே பரவியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோகினூர் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் அதை நிறுத்தியது. விதி கேட்கிற குறைந்தபட்சத் திறந்தவெளி தரைமட்டத்தில், வானம் பார்த்து இருக்க வேண்டும், மேல்தளத்தில் வைத்த தோட்டம் அந்தக் கணக்கில் சேராது என்பது தீர்ப்பின் சாரம். நம் விதிகள் எழுதுகிறவர்கள் மேசைமேல் எப்போதும் இருக்க வேண்டிய தீர்ப்பு இது.

தளர்வையும் கேட்பையும் ஒன்றாகப் பிணைத்த நகரம் ஒன்று உண்டு. பெர்லின். அங்கே 1990-களிலிருந்து மனைக்கு ஒரு பசும்பரப்புக் குறியீடு போடுகிறார்கள். மனையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மதிப்பெண். கான்கிரீட்டுக்குச் சுழி. மணல்மேல் இடுக்கு விட்டுப் பதித்த கல்லுக்கு 0.3. கீழ்மண்ணோடு தொடர்புள்ள செடி மண்ணுக்கு முழு 1. கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினால் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.2. எல்லாம் கூட்டி மனைப்பரப்பால் வகுக்க வேண்டும். புது வீட்டுக்கு இலக்கு 0.6. ஏற்கெனவே நெருக்கமாகக் கட்டப்பட்ட மனையில், பாதிக்கு மேல் கட்டடம் இருந்தால், இலக்கு 0.3-ஆக இறங்கிவிடுகிறது. இடம் இல்லாதவருக்கான தளர்வு விதிக்குள்ளேயே இருக்கிறது. கோட்டைக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் 2006-இல் இதைத் தன் வழிக்கு மாற்றி எடுத்துக்கொண்டபோது, மனைக்கு முன்னுள்ள சாலையோரத்தில் நட்டதையும் கணக்கில் சேர்த்தது.

இதை நம் மனையில் போட்டுப் பார்ப்போம். மூன்று சென்ட் 121 சதுர மீட்டர். முப்பதடி அகலம் என்று வையுங்கள். கட்டடம் 85, மீதி 36. முப்பத்தாறையும் சிமென்ட் பூசினால் மதிப்பெண் சுழி. முன்பக்க ஐந்தடியை மட்டும் மண்ணாக விட்டால் 14 சதுர மீட்டர், அதற்கு 14. மீதி 22-இல் மணல் இடுக்குள்ள கல் பதித்தால் 6.6. மாடித் தண்ணீரை மண்ணுக்குள் விட்டால் 17. மொத்தம் 37.6, வகுத்தால் 0.31. பெர்லின் நெருக்கமான மனையிடம் கேட்பதை மங்கலம்பேட்டை வீடு ஒரு அறையையும் இழக்காமல் கொடுத்துவிடுகிறது. மாடித் தண்ணீருக்கான ஏற்பாடு புதிதாக வேண்டியதும் இல்லை. 2003-லிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். அந்தச் சட்டம் வந்த ஆண்டில் ஊர் ஊராகக் குழி தோண்டியது நினைவிருக்கும். ஜல்லியும் மணலும் கொட்டிய அந்தக் குழிகள் பலவற்றின் வாயைப் பின்னால் வந்த பேவர் பிளாக் மூடிவிட்டது. அனுமதி வாங்குகிற நாளில் மட்டும் பார்க்கப்படும் விதிக்கு அதுதான் கதி. அதனால்தான் பசுமை விதி என்று ஒன்று வந்தால், வீட்டு வரி கட்டும்போது பேரூராட்சி ஊழியர் வாசலில் நின்றே பார்த்துவிடும்படி எளிதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு நல்ல வாசல் ஒன்று 2024 ஜூலையில் திறந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, ஒரு மாடியோடு வீடு கட்டுபவர் தன் சான்றளிப்பிலேயே இணையத்தில் அனுமதி பெறலாம். நடையாக நடந்த சாதாரண மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். அந்தப் படிவத்தில் எத்தனை சதுர அடி மண் விட்டிருக்கிறேன், எந்த மரம் என்று இரண்டு வரி சேர்க்கலாம். வேலை முடிந்ததும் வாசலின் புகைப்படம் ஒன்று.

எந்த மரம் என்பது கடலூர்க்காரரிடம் லேசாகப் பேசக் கூடாத விஷயம். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் இந்த மாவட்டத்தின் மேல் ஏறிப் போனது. தலைமுறையாக வளர்ந்த பலாவும் முந்திரியும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்து கிடந்தன. வீட்டோரம் மரம் வேண்டாம் என்று இங்கே பெரியவர்கள் சொன்னால் அதன் பின்னால் அந்தக் காலை இருக்கிறது. ஆகவே மூன்று சென்ட் மனைக்குள் அரசும் ஆலும் வேண்டியதில்லை. கறிவேப்பிலை, மாதுளை, பவழமல்லி, நொச்சி போதும். சுவர் தாங்கும், பராமரிக்கலாம், வீட்டுக்கும் உதவும். நிழல் மரங்களின் இடம் தெரு: புங்கனும் பூவரசும். அவற்றுக்குச் சாலையோரத்தில் மூன்றடிக்கு மூன்றடி மண் திறந்திருக்க வேண்டும்.

விலக்கு கேட்கிறவரிடம் வாங்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கடைவீதியில் தெருவிளிம்பு வரை கட்ட வேண்டியிருக்கிறவர், உள்ளே ஒரு சாண் மண்ணும் விட முடியாதவர், அரசுக் கணக்கில் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டாம். தன் கடைக்கு எதிரில், அல்லது அதே தெருவில், பள்ளி வளாகத்தில், கோயில் அல்லது பள்ளிவாசல் முற்றத்தில், குளக்கரையில் ஒரு புங்கன் நட்டுக் கூண்டு வைத்து மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்துத் தரட்டும். மரம் பட்டுப்போனால் வேறொன்று நடட்டும். எங்குமே நட இடமில்லை என்று பேரூராட்சி எழுத்தில் சொன்னால் மட்டும் பணம் வாங்கலாம். அதையும் தனிக் கணக்கில் வைத்து, அதே வார்டில் மண் திறக்கவும் மரம் வளர்க்கவும் மட்டுமே செலவழிக்க வேண்டும். வழிகாட்டி மதிப்பில் போகும் பணம் எந்தத் தெருவின் நிழலாகத் திரும்பி வந்தது என்று இன்று எந்த ஊர்க்காரராலும் காட்ட முடிவதில்லை.

மரத்துக்கு இடம் விட்டுக் கட்டுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலின் தல விருட்சம் வன்னி. கோயில் திருப்பணியில் வேலை செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் அந்த மரத்தின் இலைகளைக் கூலியாகக் கொடுத்தார், அவை அவரவர் உழைப்புக்கு ஏற்பப் பொன்னாயின என்று தலபுராணம் சொல்லும். கோபுரமும் மதிலும் எழுந்த இடத்திலும் அந்த மரத்துக்கு இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அதே ஊரின் செராமிக் தொழிற்பேட்டையில் களிமண்ணைப் பிசைந்து கோப்பையும் பொம்மையும் மின்காப்பானும் செய்து பிழைக்கிறார்கள். சுட்ட மண்ணின் குணம் இந்த வட்டாரத்துக்குத் தெரியாததா? பளபளப்புப் பூசாத, நீர் உறிஞ்சுகிற தரைக்கல்லை மணல் இடுக்கோடு பதிப்பதற்கு இங்கே ஒரு சந்தை உருவானால், சிமென்ட் கட்டைக்குப் போகும் காசில் ஒரு பகுதி உள்ளூர்ச் சூளைக்கே வரும்.

மாநில அரசு விதியை மாற்றும் வரை காத்திருக்காமல் பேரூராட்சி மன்றம் தன் அளவில் ஒன்றைச் செய்யலாம். இனிப் போடுகிற சிமென்ட் சாலை ஒவ்வொன்றிலும், எந்தெந்த இடத்தில் மரக்குழிக்கு மண் விட வேண்டும் என்பதை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிடலாம். சாலை போட்ட பிறகு உடைத்துக் குழி தோண்டுவதை யாரும் செய்யப் போவதில்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலுக்குக் கல் பதிக்க ஆள் வருகிற நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள். மூன்றடிக்கு மூன்றடி மண்ணை அப்படியே விடச் சொல்லுங்கள், இடுக்கில் சிமென்ட் பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய வேம்பு நின்றால் அதன் அடியைச் சுற்றி இரண்டடி தள்ளிக் கல் போடச் சொல்லுங்கள். இதற்குக் கூடுதலாக ஒரு மூட்டை சிமென்ட்டும் ஆகாது.